ஆறு பத்துக்குத் திறக்கிற ஜன்னல்

மார்ச் 6

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

நானும் வாலுவும் சுகமாக இருக்கிறோம் என்று எழுதுவதுதான் முறை. அப்படியே வைத்துக்கொள். உன் இருமல் நின்றதா? போன தடவை கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நீ பேசியதைவிட இருமியதுதான் அதிகம். ஒரு கண்ணாடியை உடைத்த கேஸுக்கு எத்தனை மாதம்தான் உள்ளே வைப்பார்கள்? ஸ்ட்ரைக்கில் நின்ற மற்ற எல்லாரும் வெளியே வந்தாயிற்று.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. எங்கே என்று சொன்னால் சிரிப்பாய். அதே கம்பெனி, ஆட்கள் வருவதையும் போவதையும் பதிகிற அதே டைம் ஆபீஸ். நீ இரண்டு வருடம் உட்கார்ந்த அதே நாற்காலி. ஒரு சக்கரம் இன்னும் உடைந்தபடிதான் இருக்கிறது. நீங்கள் எல்லாம் ‘சிரிச்சான்’ என்று பேர் வைத்தீர்களே, அந்த மேனேஜர் வீட்டுக்கே வந்தார். “ஓடிப்போனவனுக்காக நீங்க ஏம்மா கஷ்டப்படணும்? வந்து கம்ப்யூட்டர்ல என்ட்ரி போடுங்க. குவார்ட்டர்ஸையும் காலி பண்ண வேணாம்” என்றார். வாலு அவர் காலடியில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். ஏழு வயது. எல்லாம் புரியும்.

உன் மாமா டிசம்பர் ஒன்பதாம் தேதி வேலைக்குப் போனவர். இன்னும் வரவில்லை. அன்று மாலை ஆறு பத்துக்கு மெயின் கேட்டைத் தாண்டியதாக ரெக்கார்டில் இருக்கிறது. போலீஸ்காரரும் அதைத்தான் காட்டினார். “கேட்டைத் தாண்டியாச்சும்மா. அதுக்கப்புறம் கம்பெனி என்ன பண்ணும்?” கேட்டிலிருந்து எங்கள் வீடு நானூறு அடி. நானூறு அடிக்குள் ஒரு மனுஷன் எங்கே போவான்? வேறொருத்தியோடு போய்விட்டார் என்கிறார்கள். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. எங்களை விட்டுப் போனாரா, போகவில்லையா.

இப்போது கம்ப்யூட்டர் விஷயம். தினமும் சாயங்காலம் ஆறு பத்துக்கு, நான் எதையும் தொடாமலே திரையில் ஒரு கறுப்பு ஜன்னல் திறக்கிறது. அதில் ஒரு வரி வருகிறது. கொஞ்சம் விட்டு அதே வரி. மறுபடி அதே வரி. “நூற்றுப் பதினேழு, பெர்மிஷன் டினைட்.” அனுமதி இல்லையாம். யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி வருகிறது.

நூற்றுப் பதினேழு உன் மாமாவின் கார்டு நம்பர்.

இது என்ன என்று எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

---

மார்ச் 19

அக்காவுக்கும் வாலுவுக்கும்,

இருமல் பாதி போய்விட்டது. மீதியைப் பக்கத்துப் படுக்கைக்காரனுக்குக் கொடுத்துவிட்டேன். நீ எப்படி இருக்கிறாய் என்று நிஜமாக எழுது, முறைக்காக எழுதாதே.

கறுப்பு ஜன்னலைப் பார்த்துப் பயப்படாதே. அதை ஷெல் என்போம். வாசலில் உட்கார்ந்திருக்கும் முரட்டு வாட்ச்மேன் மாதிரி ஆள். சொன்னதை அப்படியே செய்வான், ஓர் எழுத்து பிசகினால் திட்டுவான், ஏன் எதற்கு என்று கேட்கவே மாட்டான். கம்பெனி காசு கொடுத்து எதையும் வாங்க மாட்டேன் என்றதால் நான்தான் அந்த இலவச சிஸ்டத்தைப் போட்டேன். அதில் இப்படிச் சில்லறைத் தொல்லைகள் வரும்.

முதலில், நீ எந்த இடத்தில் நிற்கிறாய் என்று கேள். அதற்கு ██ என்று அடி. அங்கே என்னென்ன இருக்கிறது என்று பார்க்க ██ ██████ என்று அடி. பிறகு ████ ███████ ██ அடித்தால் போதும்.

மாமா விஷயத்துக்கும் இதற்கும் முடிச்சுப் போடாதே. நூற்றுப் பதினேழை வேறு யாருக்காவது கொடுத்திருப்பார்கள். அந்தக் கார்டு சரியாகப் பதிவாகாமல் இருக்கும். அவ்வளவுதான். அவசரம் ஒன்றுமில்லை.

வாலுவை ஒரு தடவை கிள்ளிவிடு, என் கணக்கில்.

தம்பி

---

ஏப்ரல் 2

தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீயும் இரு.

உன் கடிதத்தில் வேண்டிய இடத்தை எல்லாம் மையால் அடித்துவிட்டார்கள். ரகசிய பாஷை என்று நினைத்திருப்பார்கள். கடிதம் படிக்கும் வார்டர் ஐயாவுக்கு ஒரு வார்த்தை: ஐயா, இது ஜெயிலை உடைக்கும் திட்டம் இல்லை. வீட்டுக்காரரைத் தேடுகிற ஒரு பொம்பளை கம்ப்யூட்டர் ரிப்பேர் கேட்கிறாள். கொஞ்சம் தயவு பண்ணுங்கள்.

நீ இனிமேல் கட்டளைகளைப் பேசுகிற மாதிரி எழுத்து எழுத்தாகச் சொல். மை தப்பிய இடத்தை வைத்து நானே முயன்று பார்த்தேன். “கமாண்ட் நாட் ஃபவுண்ட்” என்றது. திரும்ப அடித்தேன். “நோ சச் ஃபைல்” என்றது. மூன்றாம் தடவை கேப்பிடல் எழுத்து விழுந்துவிட்டது, அதற்கும் திட்டு. இப்படி மூஞ்சியில் அடித்த மாதிரிப் பேசுகிற ஒன்றை நான் போலீஸ் ஸ்டேஷனில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

நூற்றுப் பதினேழை யாருக்கும் கொடுக்கவில்லை. ஆள் பட்டியலைப் பார்த்தேன். நூற்றுப் பதினாறுக்கு அடுத்து நூற்றுப் பதினெட்டு. பேரை வெட்டி எடுத்துவிட்டார்கள், பல்லைப் பிடுங்கிய மாதிரி.

போன வியாழக்கிழமை ஆறு அஞ்சுக்கே பிளக்கைப் பிடுங்கிவிட்டு வீட்டுக்கு ஓடிவிட்டேன். மறுநாள் காலையில் ஆன் செய்ததும் முதல் வேலையாக அந்த ஜன்னல் திறந்தது. முந்தின நாளுக்கும் சேர்த்து வைத்திருந்து வந்தது போல இருந்தது. நான் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தேன். அந்த உடைந்த சக்கரத்தால் விழப் பார்த்தேன்.

இன்னொன்று. சிரிச்சான் ஒரு பேப்பரை நீட்டினார். என் கணவர் தன் இஷ்டத்தில் வேலையை விட்டுப் போய்விட்டார், கம்பெனிமேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். ஜூன் முப்பதுக்குள். போட்டால் வேலையும் வீடும் நிலைக்கும். போடாவிட்டால் என்ன என்று கேட்டேன். சிரித்தார்.

சீக்கிரம் பதில் போடு. வாலு உனக்கு ஒரு பூனை வரைந்திருக்கிறாள், உள்ளே வைத்திருக்கிறேன்.

அக்கா

---

ஏப்ரல் 27

அக்கா,

சுகம். பூனை கிடைத்தது. பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். இங்கே தபால்தலை தட்டுப்பாடு.

அந்த ஜன்னலைத் தொந்தரவு என்று நினைத்தால் நிறுத்திவிடலாம். சி ஆர் ஓ என் என்று ஆரம்பிக்கிற ஒரு ஃபைல் இருக்கும், குறித்த நேரத்துக்கு வேலைகளை ஓட்டுவது அதுதான். அதைத் திற. ஆறு பத்து என்று தொடங்குகிற வரிக்கு முன்னால் ஒரு ஹாஷ் குறி போட்டுவிட்டு மூடு. வரி ஊமையாகிவிடும். அதற்கு மேல் உள்ளே போகாதே. எதையாவது தொட்டு மிஷின் நின்றுவிட்டால் உன் வேலைக்குத்தான் ஆபத்து.

பேப்பரைப் பற்றி நான் என்ன சொல்ல? வாலுவுக்கு ஒரு கூரை வேண்டும். யோசித்து முடிவெடு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

---

மே 8

தம்பிக்கு அக்கா எழுதுவது.

இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம். நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்கத் தோன்றுகிறது, ஆனால் உன் கடைசிக் கடிதத்தைப் படித்தால் அதை எழுதியது நீதானா என்றே சந்தேகமாக இருக்கிறது. லோடு ஏற்றுகிறவர்களுக்குக் கூலி கேட்டு மேனேஜர் மேசையைத் தட்டியவன் நீ. வேலையை விட்டுத் துரத்தியபோதுகூட விசில் அடித்துக்கொண்டு வெளியே வந்தவன். என்னைப் பார்த்துக் கையெழுத்துப் போடலாம் என்கிறாயா? யார் உன்னை மிரட்டுவது?

உன் சி ஆர் ஓ என் ஃபைலை நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து ஒரு வழியாகப் பிடித்தேன். நீ சொன்ன மாதிரியே ஆறு பத்து என்ற வரி இருந்தது. சரி, நான் திரையைப் பற்றி மட்டும்தானே எழுதினேன்? அந்த வரி அங்கே இருப்பது உனக்கு எப்படித் தெரியும்?

ஊமையாக்கவில்லை. அந்த வரி இன்னொரு ஃபோல்டரில் இருக்கும் எதையோ ஓட்டுகிறது. திறக்கப் போனேன். எனக்கும் அனுமதி இல்லை என்றது. அந்த ஃபோல்டரில் கடைசியாகக் கை வைத்த நாள் மட்டும் தெரிந்தது. டிசம்பர் பத்து, காலை ஏழு ஐந்து. உன் மாமா காணாமல் போன மறுநாள் காலை. நான் அப்போது வீட்டு வாசலில் நின்று, போகிற வருகிறவர்களிடம் எல்லாம் “அவரைப் பாத்தீங்களா” என்று கேட்டுக்கொண்டிருந்தேன். சிரிச்சான்தான் முதலில் பதில் சொன்னவர். “வந்துருவான்மா, குடிச்சிட்டு எங்கயாச்சும் கிடப்பான்.” அவர் குடிக்க மாட்டார்.

நேற்று ஒரு காரியம் செய்தேன். எப்போதும் ஆறரைக்குக் கிளம்பிவிடுவேன். நேற்று வாலுவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் கடைசி வரைக்கும் உட்கார்ந்து எண்ணினேன். முதலில் படபடவென்று வருகிறது. பிறகு நிமிடத்துக்கு ஒன்று. நடுவில் நெடுநேரம் ஒன்றுமே இல்லை, முடிந்தது என்று நினைத்துப் பையைத் தோளில் மாட்டினேன். மறுபடி வந்தது. மெதுவாக. கடைசி வரி ஏழு நாற்பத்தெட்டுக்கு. மொத்தம் நாற்பத்தொன்று. அப்புறம் ஜன்னல் தானாக மூடிக்கொண்டது. தம்பி, என்னை அறியாமல் நான் எழுந்து அறைக் கதவைத் திறந்து வைத்தேன். யாருக்கு என்று கேட்காதே.

ஒழுங்காகப் பதில் எழுது.

அக்கா

---

மே 29

தம்பி,

மூன்று வாரம். நலமா என்று கேட்டால் அதற்காவது பதில் வருமா? செத்துக்கித்துப் போயிருந்தால் ஜெயில்காரர்கள் தந்தி மாதிரி ஏதாவது அனுப்புவார்கள். ஆக, உயிரோடு இருந்துகொண்டுதான் எழுதாமல் இருக்கிறாய்.

உன் மாமா வேலை பார்த்த டாங்க் யார்டின் மேஸ்திரியைக் கேன்டீன் பின்னால் மடக்கினேன்.

“அண்ணே, அன்னிக்கு அவர எங்க விட்டுட்டு வந்தீங்க?”

“வால்வு ஒண்ணு கசிஞ்சுதும்மா. எல்லாரையும் ஆறு மணிக்கு வெளிய விட்டுட்டேன். இவன், அஞ்சு நிமிஷத்துல முடிச்சுட்டு வரேன்னான். சரிடா, முடிச்சுட்டு வான்னேன்.”

“எப்பவும் மாஸ்டர் கார்டு வச்சு நீங்கதானே கதவத் திறந்து விடுவீங்க?”

“ஓவர்டைம் நாள்ல அப்படித்தான். அன்னிக்கு ஓவர்டைம் இல்ல. அவன்கிட்டயும் கார்டு இருக்குல்ல, அவனே போட்டுட்டு வருவான்னுதான்…” சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்தார். “காலைல ரெக்கார்டுல வெளிய போனதா இருந்துச்சும்மா. அதான் யாரும் தேடல. எம் மேல சத்தியம்மா.”

யார்டில் மூன்றாம் குழி என்று ஒன்று இருக்கிறது, கழிவுச் சகதிக் குழி. டிசம்பரிலிருந்து அதை மூடி வைத்து, யாரும் கிட்டே போகக் கூடாது என்று கயிறு கட்டியிருக்கிறார்கள். ஜூலை ஒன்றாம் தேதி கான்கிரீட் ஊற்றி நிரப்பப் போகிறார்களாம். நான் கையெழுத்துப் போட வேண்டிய கெடுவுக்கு மறுநாள்.

உள்ளே இருக்கிறவனுக்கு அந்தக் கதவு எப்போது திறக்கும், எப்போது திறக்காது? இதற்கு மட்டும் பதில் எழுது. வேறு எதுவும் வேண்டாம்.

அக்கா

---

ஜூன் 6

அக்கா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுதாததற்கு உடம்பும் காரணமில்லை, தபால்தலையும் காரணமில்லை. யாரும் மிரட்டவுமில்லை.

அந்த ஸ்கிரிப்ட் நான் எழுதியது. உன் முதல் கடிதத்தில் ஆறு பத்து என்று படித்த உடனே தெரிந்துவிட்டது. மூன்று மாதமாக உன்னிடம் நாடகம் ஆடினேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம் சிரிச்சான் கூப்பிட்டார். “ஆறு மணிக்கு மேல ஆள் உள்ள இருக்குன்னு ரெக்கார்டு காட்டக் கூடாது தம்பி. இன்ஸ்பெக்டர் வந்தா குடைவான்.” ஆறு மணிக்கு மேல் நூறு பேரைக் கசக்கிப் பிழியலாம், எழுத்தில்தான் இருக்கக் கூடாது. ஒரே மதியத்தில் எழுதிக் கொடுத்தேன். ஆறு பத்துக்கு யாரெல்லாம் கார்டு போட்டு வெளியே போகவில்லையோ, அத்தனை பேரும் மெயின் கேட்டைத் தாண்டியதாக அது எழுதிவிடும். பதினோரு வரி. “கெட்டிக்காரன்” என்று தோளில் தட்டினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது அக்கா. அதை மறைக்க மாட்டேன்.

ஆக, மாமா அன்று கேட்டைத் தாண்டவில்லை. தாண்டினார் என்று எழுதியது என் பதினோரு வரி.

நான் இருந்தபோது யார்டு கதவில் பூட்டு கிடையாது, கார்டு காட்டினால் பதிவாகும், அவ்வளவுதான். என்னைத் துரத்திய பிறகு வேறு யாரோ வந்து பூட்டு மாட்டியிருக்கிறார்கள். அந்தப் பூட்டு யாரைக் கேட்டுத் திறக்கும்? அதே ரெக்கார்டைத்தான். வெளியே போய்விட்டான் என்று எழுதப்பட்டவன் உள்ளே இருந்து கார்டு காட்டினால் திறக்காது. நான் ஒரு பொய்யை எழுதி வைத்தேன். அவர்கள் அதில் பூட்டை மாட்டினார்கள்.

மறுக்கப்பட்ட கார்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு தினமும் அதே நேரத்தில் மறுபடி பதிய முயல்வதும் அதன் வேலை. ஒரு நாள் தவறினால் மறுநாள் செய்யும். மாமா பேரை வெட்டிவிட்டதால் தினமும் தோற்கிறது. இது வரைக்கும் எனக்குப் புரிகிறது.

அந்த இடைவெளி புரியவில்லை. நாற்பத்தொரு வரியையும் அது ஒரு கண் சிமிட்டலில் கொட்டிவிட வேண்டும். விட்டு விட்டு அடிக்க நான் சொல்லித் தரவில்லை. காத்திருக்கச் சொல்லும் கட்டளை அதில் ஒன்றுகூட இல்லை. இருபது நாள் படுத்துக்கொண்டே ஒவ்வொரு வரியாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

ஃபோல்டரைத் திறக்க: எஸ் யு டி ஓ அடி, இடம் விடு, சி ஏ டி, இடம் விடு, பிறகு ஃபோல்டர் பெயர், சாய்கோடு, டோர் லாக், அதாவது கதவுப் பதிவேடு. முதல் வார்த்தை, அதிகாரம் இருக்கிறவன் கேட்கிறேன் என்று சொல்வது. பாஸ்வேர்டு கேட்கும். நாம் முதலில் வளர்த்த நாயின் பேர், எல்லாம் சின்ன எழுத்தில். மாற்றியிருக்க மாட்டார்கள். மாற்றவும் ஆள் வைக்க வேண்டுமே.

உள்ளே நேரம் எல்லாம் இருக்கும். தனியாகப் பார்க்காதே என்று சொல்ல ஆசை. கூட உட்கார யார் இருக்கிறார்கள் என்றுதான் தெரியவில்லை.

தம்பி

---

ஜூன் 16

நலம் விசாரிக்கக் கை வரவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் திறந்தேன். உன் கடிதத்தில் இந்தத் தடவை எதையும் அடிக்கவில்லை. வார்டர் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக “பார்த்தேன்” என்று மட்டும் எழுதியிருந்தார்.

நூற்றுப் பதினேழு. டிசம்பர் ஒன்பது. மதியம் இரண்டு நாற்பதுக்கு யார்டுக்குள் போகிறார். ஆறு பத்துக்கு மெயின் கேட்டைத் தாண்டுகிறார். ஆறு பன்னிரண்டுக்கு யார்டு கதவில், உள்பக்கம், கார்டு காட்டுகிறார். அனுமதி இல்லை. ஆறு பன்னிரண்டு. ஆறு பதின்மூன்று. ஆறு பதின்மூன்று. ஆறு பதின்மூன்று. முதல் பத்து தடவை நாலு நிமிடத்துக்குள். அப்புறம் நிமிடத்துக்கு ஒன்று. ஆறு நாற்பதிலிருந்து ஏழு ஐந்து வரைக்கும் ஒன்றும் இல்லை. அதன் பிறகு ஏழே தடவை. கடைசி, ஏழு நாற்பத்தெட்டு.

நான் மே ஏழாம் தேதி எண்ணி நோட்டில் குறித்த நேரங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு நிமிடம்கூட மாறவில்லை. உனக்கே புரியாததை எனக்கு விளக்க வேண்டாம்.

இரண்டு நிமிடம், தம்பி. இரண்டு நிமிடம் முன்னால் வால்வை முடித்திருந்தால் வீட்டுக்கு வந்திருப்பார். அந்த இருபத்தைந்து நிமிடம் கத்தியிருப்பார். கம்ப்ரஸர் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? நானூறு அடி தள்ளி நான் வாலுவுக்குத் தலை பின்னிக்கொண்டு, இந்த மனுஷனுக்கு நேரங்காலமே கிடையாது என்று திட்டிக்கொண்டிருந்தேன். ஆறு மாதம் மனசுக்குள் என்னென்னவோ திட்டினேன். அந்த வேறொருத்திக்கு ஒரு முகம்கூட வைத்திருந்தேன்.

மறுநாள் காலை ஏழு ஐந்துக்கு இந்தப் பட்டியலை யாரோ திறந்து பார்த்திருக்கிறார்கள். மேனேஜர் லாகின். பார்த்துவிட்டுப் பூட்டியிருக்கிறார். பூட்டிவிட்டு வந்துதான், குடித்துவிட்டுக் கிடப்பான் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

கான்கிரீட்டுக்குப் பதினைந்து நாள் இருக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்று எழுது.

அக்கா

---

ஜூன் 20

அக்கா,

உன் கடிதம் வந்த அன்றே எழுதுகிறேன். வார்டர் தானே தபால்பெட்டியில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். கடிதத்தைக் கொடுத்தபோது, “ஏம்ப்பா, அந்த நூத்திப் பதினேழு உனக்கு யாரு?” என்றார். அக்கா புருஷன் என்றேன். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

கையெழுத்துப் போடாதே. பட்டியலை மூன்று காப்பி அச்செடு, சிரிச்சான் மதியம் பேங்க்குக்குப் போகிற நேரத்தில். பென் டிரைவிலும் ஒன்று. ஒன்றை என் வக்கீலிடம் கொடு. ஒன்று உன் உடம்போடு இருக்கட்டும். போலீஸுக்குத் தனியாகப் போகாதே, வாங்கி டிராயரில் போட்டுவிடுவார்கள். ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் கேட்டில் நில். உள்ளே போகிறவனும் வெளியே வருகிறவனும் ஒரே இடத்தில் நிற்கிற நேரம் அது ஒன்றுதான். மேஸ்திரியைக் கூட வைத்துக்கொள். பயந்த ஆள், ஆனால் கெட்டவர் இல்லை.

ஜூலை பதினாலாம் தேதி என் ஜாமீன் மனு வருகிறது. இந்தத் தடவை கிடைத்துவிடும் என்கிறார் வக்கீல். வந்துவிட்டால் எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

மாமாவைப் பற்றி எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்துவிட்டேன்.

நீ சாப்பிடுகிறாயா?

தம்பி

---

ஜூலை 9

தம்பிக்கு அக்கா எழுதுவது.

சாப்பிடுகிறேன். வாலுவும் சாப்பிடுகிறாள். நீயும் சாப்பிடு.

முப்பதாம் தேதி சிரிச்சான் பேனாவைத் திறந்து என் கையிலேயே கொடுத்தார். மூடித் திருப்பிக் கொடுத்தேன். “யோசிச்சுத்தானே செய்றீங்க?” என்றார். அப்போதும் சிரித்தார்.

மறுநாள் ஷிஃப்ட் மாறும்போது கேட்டில் நின்று வாசித்தேன். நாற்பத்தொரு நேரத்தையும். எனக்குப் பேசத் தெரியாது, வாசிக்கத்தான் தெரியும். இருபதைத் தாண்டியபோது சைக்கிள் ஸ்டாண்டுச் சத்தம்கூட நின்றுவிட்டது. ஆறு நாற்பது என்று வாசித்துவிட்டு நிறுத்தினேன். “அப்புறம்?” என்று யாரோ கேட்டார்கள். “அப்புறம் இருபத்தஞ்சு நிமிஷம் ஒண்ணுமில்ல” என்றேன். மேஸ்திரி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்ததைப் பார்த்து எல்லாரும் உட்கார்ந்தார்கள். கான்கிரீட் லாரி வெளியே நின்று டிரம்மைச் சுற்றிக்கொண்டே இருந்தது. உள்ளே விட ஆளில்லை. சாயங்காலம் திரும்பிப் போய்விட்டது.

இரண்டாம் தேதி மூன்றாம் குழியைத் திறந்தார்கள். பின்சுவர்ப் பக்கம் ஏறித் தப்பப் பார்த்திருக்கிறார், குழியின் பழைய மூடி பாரம் தாங்கவில்லை. என்னைக் கிட்டே விடவில்லை. மேஸ்திரி பார்த்துவிட்டு வந்து, “அவன்தாம்மா” என்றார். கார்டு கழுத்தில் இருந்ததாம்.

சிரிச்சானைக் கூட்டிப் போயிருக்கிறார்கள். எத்தனை நாளைக்கு என்று தெரியாது. முதலாளியை யாரும் கேட்கவே இல்லை. கம்ப்யூட்டருக்கு சீல் வைத்து எடுத்துப் போய்விட்டார்கள். மேசையில் அது இருந்த இடம் தூசியில்லாமல் சதுரமாகத் தெரிகிறது. ஆறு பத்து ஆனால் நான் இன்னும் அந்தச் சதுரத்தைப் பார்க்கிறேன்.

சீல் வைப்பதற்கு முந்தின நாள், அந்த ஸ்கிரிப்ட்டையும் அச்செடுத்துத் தரச் சொன்னார் விசாரணை அதிகாரி. திறந்தேன். நீ சொன்ன பதினோரு வரிக்கு மேலே இன்னொரு வரி இருந்தது. எழுதியவர் என்று போட்டு உன் பேர். தேதி. பக்கத்தில் இரண்டு புள்ளியும் ஒரு வளைவுமாக ஒரு சிரித்த முகம்.

அந்த வரியைப் பற்றி நீ எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. மறந்திருப்பாய் என்று நினைக்கப் பார்த்தேன். ஒரு ஃபைலைத் திறந்து வரியில் கை வைக்க எனக்கு இப்போது தெரியும், நீதான் சொல்லிக் கொடுத்தாய். அறையில் யாரும் இல்லை. பதினாலாம் தேதி உன் மனு வருவதும் தெரியும். அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அழிக்கவில்லை. அப்படியே அச்செடுத்துக் கொடுத்துவிட்டேன். வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார்.

பதினாலாம் தேதி கோர்ட்டுக்கு வருவேன். என்ன தீர்ப்பு வந்தாலும் வாலுவைக் கூட்டிக்கொண்டு அங்கே நிற்பேன். அப்பா நம்மை விட்டுப் போகவில்லை என்பதை அவளிடம் சொல்லிவிட்டேன். “பின்ன ஏம்மா கதவு திறக்கல?” என்றாள். அதை நீ வந்து சொல்வாய் என்று சொல்லியிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா